இருபது அடிப் பெட்டியும் அதனுடன் வந்த உப்பும்

2021 பங்குனியில், கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் மாந்தோப்பில், சென்னையிலிருந்து டிரெய்லரில் வந்த ஒரு பழைய கப்பல் சரக்குக் கண்டெய்னரை ஹைட்ரா கிரேன் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தபோது, வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர், "கடல்லயே இத்தனை வருஷம் தாங்கின பெட்டி, நம்ம காஞ்ச ஊர்ல எங்க வாத்தியாரே துருப்பிடிக்கப் போகுது" என்றார். நானும் தலையாட்டினேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேதியியல் நடத்தி, துருப்பிடித்தலுக்கு நீரும் ஆக்சிஜனும் தேவை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி ஓய்வு பெற்றவன் தலையாட்டியிருக்கக் கூடாது. ஆனால் டிரெய்லர்காரர் கூலிக்காக நின்றுகொண்டிருந்தார், வெயிலோ மண்டையைப் பிளந்தது, வாதம் செய்யும் மனநிலையில் நான் இல்லை.

பெட்டி வாங்கிய காரணம் எளியது. பெங்களூரா ரக மாங்காய் அறுப்பு தொடங்கிவிட்டால், மாங்கூழ் ஆலைக்குப் போகும் லோடுக்கான கிரேட்டுப் பெட்டிகள், மருந்தடிக்கும் விசைத்தெளிப்பான், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்கள், மோட்டார் சாமான்கள் எல்லாவற்றையும் பூட்டி வைக்க ஓர் இடம் வேண்டும். கல் வைத்து அறை கட்டக் கேட்ட தொகைக்கும் பெட்டியின் விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தது. எலியும் நுழையாது, திருடனும் நுழையான் என்ற கணக்கில் வாங்கிவிட்டேன்.

வாங்கிய பிறகுதான் அந்தப் பெட்டியை ஒரு பொருளாகக் கவனித்துப் பார்த்தேன். நீளம் 6.06 மீட்டர், அகலம் 2.44, உயரம் 2.59; வெறும் பெட்டியின் எடை இரண்டு டன்னுக்குச் சற்று மேல். இத்தனை பெரிய பெட்டியின் பக்கச் சுவர்த் தகடு பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது என்பதை அறிந்தபோது திடுக்கிட்டேன். சுமையைத் தாங்குபவை நான்கு மூலைத் தூண்களும் அவற்றை இணைக்கும் சட்டங்களும்தான். சுவர்கள் மடிப்பு மடிப்பாக வளைக்கப்பட்டிருப்பதால் விறைப்பாக நிற்கின்றன. ஒரு மில்லிமீட்டர் துரு தின்றுவிட்டால் பாதிச் சுவர் போய்விட்டது என்று பொருள். கதவில் அறைந்திருந்த பாதுகாப்புத் தகட்டில், 2006-ஆம் ஆண்டு செய்யப்பட்டது என்று இருந்தது. அதாவது, பதினைந்து ஆண்டு கடற்பயணம் முடித்த பெட்டி.

கண்டெய்னர்கள் சாதாரண இரும்பால் செய்யப்படுவதில்லை. 'கார்டென்' என்ற வணிகப் பெயரில் 1930-களில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த எஃகு வகையைச் சேர்ந்தது அதன் தகடு. சிறிதளவு தாமிரம், குரோமியம், பாஸ்பரஸ் ஆகியவை கலந்திருப்பதால், மேலே உண்டாகும் துருவே அடர்த்தியான தோலாகப் படிந்து உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. தில்லி மெஹ்ரௌலியில் நிற்கும், ஏறத்தாழ 1,600 ஆண்டுப் பழமையான இரும்புத் தூண் அழியாததற்கும் அதிலுள்ள மிகுதியான பாஸ்பரஸ் ஒரு முக்கியக் காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். ஆகவே, "கார்டெனுக்குப் பெயின்ட்டே வேண்டாம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு நிபந்தனைகளை. நனைந்த தகடு முழுமையாகக் காய வேண்டும். உப்பு படக் கூடாது. என் பெட்டியின் கூரையில், கிரேன் இடித்த பள்ளம் ஒன்றில் மழைநீர் தேங்கி, மாவிலைச் சருகு விழுந்து ஊறி, நாட்கணக்கில் ஈரமாகவே கிடந்தது. உப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் முறை நான் செய்தது, இந்த ஊரில் கேட்டுக்கும் கிரில்லுக்கும் எல்லோரும் செய்வதுதான். சித்திரையில் இரண்டு ஆட்களை வைத்து வயர் பிரஷால் ஒரு நாள் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, ரெட் ஆக்சைடு ஒரு கோட், பச்சை எனாமல் இரண்டு கோட். நான்கே நாள் வேலை. தோப்புக்குள் புதுப் பேருந்து நிற்பதுபோல் பெட்டி பளபளத்தது. மனைவி கைப்பேசியில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். ஐப்பசி மழை முடிந்து கார்த்திகையில் பார்த்தபோது, கீழ்ச்சட்டத்தின் ஓரமாகவும், கதவுக் கீல்களைச் சுற்றியும், சுவர் மடிப்புகளின் அடியிலும் அம்மைக் கொப்புளங்கள்போல் பெயின்ட் எழும்பியிருந்தது. ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளிருந்து ஒரு சொட்டுப் பழுப்பு நீர் வடிந்தது. பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. அதன் அடியில் நீர் எப்படிப் போனது?

பர்கூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெயின்டர் தம்பிதான் அதற்கு விடை சொன்னார். சென்னை மாதவரம் பக்கத்துக் கண்டெய்னர் யார்டு ஒன்றில் பதினோரு ஆண்டுகள் பெட்டிகளைப் பழுதுபார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடல்நலம் குன்றியதால் ஊர் திரும்பியவர். வந்ததும் பெயின்ட்டைப் பார்க்கவில்லை. ஒரு சிறு சுத்தியலை எடுத்து, கீழ்ச்சட்டம் முழுவதையும் தட்டிக்கொண்டே காதால் கேட்டபடி சுற்றி வந்தார். பிறகு பெட்டிக்குள் போய், என்னையும் உள்ளே அழைத்துக் கதவை மூடச் சொன்னார். கும்மிருட்டில் ஏழு இடங்களில் குண்டூசி முனையளவு வெளிச்சம் தெரிந்தது. ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டமிட்டார். கதவைத் திறந்து வெளியே வந்தபின், "சார், நீங்க பெயின்ட் அடிக்கல. உப்புக்கு மூடி போட்டு வெச்சிருக்கீங்க" என்றார்.

அவர் சொன்னதை வேதியியலாக மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு நிமிடம்தான் தேவைப்பட்டது; அதை முன்பே யோசிக்காத வெட்கம் ஒரு வாரம் இருந்தது. கடல் உப்பிலுள்ள குளோரைடு, துருவின் நுண்ணிய பள்ளங்களுக்குள் இரும்பு குளோரைடாக உட்கார்ந்திருக்கிறது. ஈரமும் ஆக்சிஜனும் கிடைக்கும்போது அந்த இரும்பு துருவாக மாறுகிறது. குளோரைடோ செலவாகாமல் அமிலத்தன்மையோடு மீண்டும் விடுபட்டு, அடுத்த இரும்பைப் பிடிக்கிறது. வயர் பிரஷ் மேல் துருவைத்தான் அள்ளும். பள்ளத்தின் அடியில் இருக்கும் உப்பை அது மெழுகியே விடும். அதன் மேல் பெயின்ட் பூசினால், பெயின்ட் படலம் நீரை மட்டும் விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வாகிறது. வெளியே தூய மழைநீர், உள்ளே உப்புக் கரைசல். பதினோராம் வகுப்பில் சவ்வூடு பரவலுக்கு முட்டை ஓட்டுச் சவ்வை வைத்து நான் காட்டிய அதே சோதனை என் தோப்பில் அறுபது சதுர மீட்டரில் நடந்துகொண்டிருந்தது.

கொப்புள நீரை நாக்கில் வைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, சேலத்து ஆய்வகப் பொருள் கடையிலிருந்து, குளோரைடு இருந்தால் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும் வெள்ளி நைட்ரேட் சிறிய குப்பி ஒன்று வாங்கி வந்தேன். விலையைக் கேட்டு மனைவி முகம் சுளித்தாள். பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்து, துரு இருந்த ஓர் உள்ளங்கை அகல இடத்தைத் துடைத்து, அந்தப் பஞ்சைப் பிழிந்து, ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட்டும் விட்டேன். தயிர்போன்ற வெண்ணிற வீழ்படிவு. மாணவர்கள் செய்முறைத் தேர்வில் எழுதும் அதே சொற்களை நான் வாய்விட்டுச் சொன்னேன். கூரையில் குறைவு, பக்கச் சுவரில் நடுத்தரம், கீழ்ச்சட்டத்திலும் கதவு வாசற்படியிலும் கெட்டியாக.

அப்படியானால் தண்ணீர் பீச்சிக் கழுவிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. போர்வெல் மோட்டாரைப் போட்டு, பிரஷர் பம்பும் வாடகைக்கு எடுத்தாயிற்று. ஆசிரியப் பழக்கம் ஒன்று அந்த நேரத்தில் காப்பாற்றியது: சோதனை என்றால் ஒப்பீட்டுக் குழாய் ஒன்று வேண்டும். போர்வெல் நீரை மட்டும் ஒரு சோதனைக் குழாயில் எடுத்து வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தால், அதுவும் பால்போல் வெளுத்தது. எங்கள் பக்கத்து நிலத்தடி நீரின் குணம் தெரிந்ததுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவந்ததே நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான். ஆனால் அந்த நிலத்தடி நீர் குளோரைடிலும் குறைவில்லை என்பது என் பெட்டிக்குப் பொருந்தும் செய்தியாக எனக்கு அன்றுதான் உறைத்தது. உப்பைக் கழுவ உப்பு நீரைப் பீச்சி, வெயிலில் காயவிட்டால், முன்னிருந்ததை எடுத்துவிட்டு நம்முடையதை வைத்ததாகும். காவிரிக் குடிநீரில் இரும்புப் பெட்டியைக் குளிப்பாட்ட மனம் ஒப்பவில்லை.

ஆகவே ஒரு மழைக்காலம் காத்திருந்தேன். பம்புசெட் அறையின் கூரையிலிருந்து குழாய் இறக்கி, 2022 ஐப்பசி மழையில் ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டை நிரப்பி மூடி வைத்தேன். மழைநீரில் வெள்ளி நைட்ரேட் விட்டபோது நீர் நீராகவே இருந்தது. தொட்டிகளுக்கு நான் பூட்டுப் போட்டதைப் பார்த்து ஊரில் சிரித்தார்கள். இன்னும் சிரிக்கிறார்கள்.

வேலை 2023 மாசியில் தொடங்கியது. மாதத்தைத் தேர்ந்தெடுத்தவர் பெயின்டர் தம்பி. தை முடியும்வரை இங்கே விடியற்காலைப் பனி கனமாக இறங்கும். இரவில் திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகடு, சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துபோய், காலை ஒன்பது மணிவரை கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலத்தைப் போர்த்தியிருக்கும். தகட்டின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையை விட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருந்தால்தான் பெயின்ட் பூசலாம் என்பது இந்தத் தொழிலின் விதி. அவர் காந்தம் ஒட்டிய சிறு வெப்பமானியைத் தகட்டில் ஒட்டுவார். நான் ஈர உலர் குமிழ் வெப்பமானியைப் பார்த்துப் பனிநிலையைக் கணக்கிட்டுச் சொல்வேன். பங்குனி பிறந்துவிட்டாலோ நிலைமை தலைகீழ். மதியத்தில் தகடு கை வைக்க முடியாமல் காய்ந்து, பூசிய மறுகணமே தின்னர் பறந்து, படலம் முழுக்க ஊசித் துளை விழும். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில்கூட, காலையில் மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர் என்று நிழலைத் துரத்திக்கொண்டுதான் பூசினோம்.

மாசியில் ஒரு சிக்கலும் உண்டு, அது மாந்தோப்புக்காரனுக்கு மட்டும் வரும் சிக்கல். அது பூவும் பிஞ்சும் நிற்கும் பருவம். தத்துப்பூச்சி பூங்கொத்தில் சாறு உறிஞ்சி, தேன்போன்ற பிசினைக் கீழே தெளித்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் கரும்பூசணம் படரும். பெட்டியின் கூரையில் பாதி ஒரு செந்தூரா மரத்தின் கிளைக்கு அடியில் இருந்தது. உப்பைக் கழுவி முடித்த கூரையில் மறுநாள் விரலை வைத்தால் பிசுபிசுத்தது. கிளையை வெட்டலாம் என்றார் தம்பி. பூவோடு இருக்கும் கிளையை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. ஹைட்ராவை மீண்டும் அழைத்துப் பெட்டியையே எட்டடி நகர்த்தினேன். அந்தச் செலவும் வீண்போகவில்லை, காரணம் பின்னால் வரும்.

சுரண்டும் வேலை ஒன்பது நாள் பிடித்தது. பூசும் வேலை மூன்றே நாள். இந்த விகிதத்தைப் பார்த்தாலே முதல் முறை நான் செய்த தவறு புரியும். ஓசூரில் மணலைப் பீச்சித் துருவை எடுக்கும் சாண்ட் பிளாஸ்டிங் செய்யும் இடங்கள் உண்டு என்றாலும், பெட்டியை மறுபடி டிரெய்லரில் ஏற்றிப் போய் வரக் கட்டுப்படியாகவில்லை. கெட்டித் துருவைச் சிப்பிங் சுத்தியலால் கொத்தி எடுத்து, பிறகு கிரைண்டரில் உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய ஃபிளாப் டிஸ்க் போட்டுத் தேய்த்தார்கள். கிரைண்டரில் மாட்டும் கிண்ண வடிவக் கம்பி பிரஷான கப் பிரஷைத் தம்பி அளவாகத்தான் அனுமதித்தார். அது துருவை நீக்காமலே மெருகேற்றிப் பளபளப்பாக்கி ஏமாற்றும். அந்த வழவழப்பில் பெயின்ட்டும் பிடிக்காது. உறுதியாக ஒட்டியிருந்த பழைய கம்பெனிப் பெயின்ட்டைத் தொடவில்லை, அதன் விளிம்பை மட்டும் உப்புத்தாளால் சரிவாக்கினார்கள். அதை முழுக்க உரிப்பது வீண் வேலை. நாம் பூசுவது அதைவிட நன்றாக ஒட்டும் என்பதற்கு உறுதியில்லை. பழைய பெயின்ட்டின் தூளில் என்ன நஞ்சு இருக்குமோ என்பதால், கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்த இரண்டு பையன்களுக்கும் நல்ல முகமூடி வாங்கிக் கொடுத்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டே வேலை செய்தார்கள். நான் நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்த பிறகுதான் மூக்குக்கு ஏறியது.

சுரண்டுவதற்கு முன் ஒருமுறை, சுரண்டிய பின் இருமுறை மழைநீரில் கழுவினோம். மூன்றாம் கழுவலுக்குப் பிறகு எடுத்த பஞ்சு நீரில், வெண்மை ஒரு நிழலாக மட்டும் தெரிந்தது. தம்பி கேள்வியோடு என்னைப் பார்த்தார். கீழ்ச்சட்டத்தை மட்டும் நான்காவது முறை கழுவச் சொன்னேன். தொட்டியில் கடைசி நூறு லிட்டர்தான் இருந்தது. சாக்பீஸ் வட்டங்கள் ஏழிலும் துரு தின்ற பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வெல்டர் புதிய தகடு வைத்து அடைத்தார். கூரைப் பள்ளத்தை உள்ளிருந்து ஜாக்கி கொடுத்து, மரக்கட்டை வைத்து மெல்ல நிமிர்த்தினார்கள்.

பிரைமர் என்னும் அடிப்பூச்சு வாங்கப் போன கடையில், நான் வாயைத் திறக்கும் முன்பே ரெட் ஆக்சைடு டப்பா மேசைக்கு வந்துவிட்டது. ரெட் ஆக்சைடைக் குறை சொல்ல மாட்டேன்; சுத்தமான புது இரும்புக்கு, மேலே எனாமலும் பூசுவதாக இருந்தால், அது போதும். ஆனால் அது மட்டும் பூசிய கேட்டுகள் நம் தெருக்களில் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன, செம்மண் நிறத்தில் இருப்பதால் துரு வெளியே வந்தாலும் தெரிவதில்லை. அடுத்து, ஜிங்க் அதிகமுள்ள பிரைமர்தான் உயர்ந்தது என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், ஆனால் துத்தநாகம் தன்னைக் கரைத்து இரும்பைக் காக்க வேண்டுமானால், துத்தநாகத் துகள் வெற்று இரும்பை நேரடியாகத் தொட வேண்டும். கையால் சுரண்டிய, பாதி பழைய பெயின்ட் உள்ள பரப்பில் அது பணத்தைப் பூசுவதற்குச் சமம். நாங்கள் எடுத்தது இரண்டு டப்பாக்களாக வரும் எபாக்சி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர். மடிப்புகளையும் சேர்த்தால் பெட்டியின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 70 சதுர மீட்டர். எங்கள் கையில் ஒரு லிட்டர் ஆறு, ஏழு சதுர மீட்டருக்குத்தான் வந்தது. ஒரு கோட்டுக்கு 11 லிட்டர் ஆயிற்று. பூச்சை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்துவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். வெயிலில் இன்னும் வேகமாக ஓடும். முதல் நாள் ஆர்வத்தில் மொத்தமாகக் கலந்து, இரண்டு லிட்டர் வாளியிலேயே கல்லாகிப் போனது.

ரோலரை எடுக்கும் முன், எல்லா விளிம்புகளுக்கும், வெல்டிங் கோடுகளுக்கும், கீல்களுக்கும் சிறு பிரஷால் ஒரு கோடு போட்டார் தம்பி. ஈரப் பெயின்ட் பரப்பு இழுவிசையால் கூரான விளிம்பிலிருந்து பின்வாங்கி, அங்கே படலம் மெலிந்துவிடும். துரு பெரும்பாலும் விளிம்பில் தொடங்குவது அதனால்தான். பூசிய ஈரத்தின் மீது பல் வைத்த ஒரு தகட்டுச் சீப்பை அழுத்தி, எந்தப் பல்வரை நனைகிறது என்று பார்த்துத் தடிமனைச் சொல்வார். எபாக்சி வெயிலில் சுண்ணாம்புபோல் பொடியாகும் என்பதால், மேலே பாலியூரிதேன் இரண்டு கோட். அதை ஸ்பிரே செய்தால் மூச்சுக்கு ஆபத்து, ரோலரிலேயே முடித்தோம். கூரைக்கு வெள்ளை, சுவருக்கு வெளிர் சாம்பல். பச்சைதான் அழகு என்று மனைவி இன்றும் சொல்கிறாள்.

பெட்டியை நகர்த்தியதில் கிடைத்த லாபம் அடிப்பகுதி. ஹைட்ரா தூக்கிப் பிடித்திருந்த நேரத்தில் குனிந்து பார்த்தால், மண்ணில் நேரடியாக உட்கார்ந்திருந்த ஓரங்களில் பழைய தார்ப்பூச்சு உரிந்து போயிருந்தது. கிருஷ்ணகிரியில் கருங்கல்லுக்கா பஞ்சம்? குவாரிக் கழிவுக் கல் நான்கை வாங்கி, மூலைக்கு ஒன்றாக ஒன்றரை அடி உயரத்தில் வைத்து, அவற்றின் மேல் பெட்டியை நிறுத்தினேன். கதவுப் பக்கம் இரண்டு விரல் தாழ்வு. இப்போது ஒருவர் ஊர்ந்து போய்த் தார் பூசும் அளவுக்கு இடமிருக்கிறது, காற்றும் ஓடுகிறது. உள்ளே இருக்கும் பிளைவுட் தரையை மட்டும் சுரண்டவில்லை. கண்டெய்னர்த் தரைப் பலகைகளுக்குப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள், பாதுகாப்புத் தகட்டிலேயே அதைக் குறித்திருந்தது. துடைத்துவிட்டு எபாக்சி பூசி மூடினேன். மாங்காயை அதன் மேல் கொட்டுவதில்லை.

இடையில் எனக்காக ஒரு விளையாட்டும் நடந்தது. கடுக்காயின் டானின் இரும்போடு சேர்ந்து கருநீலச் சேர்மமாகும். பழைய காலத்து மை அதுதான். கடையில் விற்கும் துருமாற்றிகள் சிலவற்றின் அடிப்படையும் டானின்தான். கடுக்காய்த் தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, கதவின் பூட்டுக் கம்பி ஒன்றில் மட்டும் பூசினேன். பழுப்புத் துரு கண்ணெதிரே கறுத்தது. பையன்கள் இருவரும் வேலையை விட்டு வந்து பார்த்தார்கள். ஆனால் அதன் மேல் பூசிய பிரைமர் மற்ற மூன்று கம்பிகளைப்போல் ஒட்டவில்லை. தேங்கிய கடுக்காய்ப் பிசுக்கை நான் சரியாகக் கழுவாததுதான் காரணமாக இருக்க வேண்டும். தம்பி ஒன்றும் சொல்லாமல் அந்தக் கம்பியை மட்டும் மறுபடி தேய்த்துப் பூசினார்.

அதன் பிறகு இரண்டு ஐப்பசிகள் கடந்துவிட்டன. சுவர்களிலும் கூரையிலும் ஒரு கொப்புளம்கூட இல்லை. மாதம் ஒருமுறை கூரைச் சருகைப் பெருக்கிவிடுகிறேன். இடது கதவின் கீழ்க் கீலுக்கு உள்ளே, பிரஷும் சுத்தியலும் நுழைய முடியாத ஓர் இடுக்கிலிருந்து, சென்ற மாதம் மழைக்குப் பிறகு பழுப்புக் கோடு ஒன்று இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. பஞ்சை ஒரு குச்சியில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்துச் சோதித்தேன். மெலிதாக வெளுத்தது. கீலின் ஊசியை அறுத்துக் கதவைக் கழற்றாமல் அந்த இடத்தைக் கழுவ முடியாது என்கிறார் தம்பி. மாசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மழைநீர்த் தொட்டி ஒன்று நிரம்பி இருக்கிறது.